பப்புன்யா: பாலைவனத்தின் நடுவே ஓர் ஊர் உருவாக்கப்பட்ட கதை

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைப் பற்றிய செய்தி என்றால் கூடவே ஒரு படமும் வரும். செம்மண், தகரக் கூரை வீடுகள், வாசலில் நாலைந்து நாய்கள், சக்கரம் கழன்ற ஒரு பழைய கார். கீழே 'தொலைதூரப் பூர்வகுடிக் கிராமம்' என்று ஒரு வரி. அதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். சிலர், 'ஆயிரக்கணக்கான வருடங்களாக இவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள் போல' என்று நினைக்கிறார்கள். மற்றவர்கள், 'நகரத்துக்கு வந்தால் எல்லா வசதியும் கிடைக்குமே, ஏன் இப்படி ஒதுங்கிக் கிடக்கிறார்கள்?' என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பெரிய பதவியில் இருந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். 2015 மார்ச்சில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், இத்தகைய ஊர்களில் வாழ்வதை அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறை என்று சொன்னார். அதற்கு அரசு முடிவில்லாமல் மானியம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்றும் பேசினார். பெரிய சர்ச்சை ஆனது. ஆனால் அந்தச் சர்ச்சையிலும் ஒரு அடிப்படைக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு: இந்த ஊர்களை அங்கே கட்டியது யார்?

பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவற்றில் பெரிய ஊர்கள் பலவற்றைக் கட்டியது அரசாங்கமும் கிறிஸ்தவ மிஷன்களும்தான். ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். பப்புன்யா அதற்குச் சரியான ஊர்.

## பப்புன்யா எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு நகரம். அங்கிருந்து வடமேற்காகச் சுமார் 240 கிலோமீட்டர் போனால் பப்புன்யா. வழியில் ஒரு பகுதி மண் சாலை. இன்று சுமார் 400 பேர் வாழ்கிறார்கள். ஒரு கடை, ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், ஓவியக் கூடம், கால்பந்து மைதானம். அவ்வளவுதான் ஊர்.

அங்கே பேச்சு வழக்கில் இருப்பது பெரும்பாலும் லுரிட்ஜா மொழி. ஆனால் குடும்பங்களின் வேரைக் கேட்டால் பின்டுபி, வார்ல்பிரி, அன்மட்ஜெரி, அரண்டா என்று வேறு வேறு மக்களின் பெயர்கள் வரும். இவர்களுடைய மொழிகள் வேறு, பாரம்பரிய நிலங்கள் வேறு. சிலருடைய நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. சிலருடையது மேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி.

ஆளே இல்லாத பரந்த பாலைவனத்தில் இத்தனை மக்கள் ஒரே இடத்தில் எப்படிக் கூடினார்கள்? இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெரிய அணை கட்டுகிறார்கள். பத்துப் பதினைந்து கிராமங்கள் முழுகுகின்றன. அந்தக் கிராமத்து ஆட்களையெல்லாம் கொண்டுபோய் ஒரே இடத்தில் வரிசையாக வீடு கட்டிக் குடிவைக்கிறார்கள். அந்தக் காலனியில் ஐம்பது வருடம் கழித்துப் போய் ஒரு பெரியவரிடம் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்டால், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஊரின் பெயரைத்தான் சொல்வார். அவருடைய குலதெய்வமும் அங்கேதான். பேரப்பிள்ளைகளுக்கோ காலனிதான் ஊர். பப்புன்யா ஏறக்குறைய இப்படித்தான் உருவானது. ஒரு வித்தியாசம், இவர்களுடைய மண் முழுகிப் போகவில்லை. அங்கேயே இருந்தது, இருக்கிறது. கதையின் இரண்டாம் பாதி அதனால்தான் வேறு திசையில் போகிறது.

## முன்பு எப்படி வாழ்ந்தார்கள்?

ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் குறைந்தது 50,000 வருடங்களாக வாழ்கிறார்கள். 1788-இல் பிரிட்டிஷார் சிட்னியில் குடியேறத் தொடங்கியபோது கண்டம் முழுவதும் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. அதில் மத்தியப் பாலைவனத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால், தண்ணீர்.

நிரந்தரமாக ஓடும் ஆறு கிடையாது. பாறைக் குழியில் தேங்கும் மழைநீர், மணலைத் தோண்டினால் ஊறும் ஊற்று, அபூர்வமாக ஓர் இயற்கைச் சுனை. ஒரு குழியில் இருக்கும் தண்ணீர் இருபது பேருக்குச் சில வாரம் தாங்கும், இருநூறு பேருக்குத் தாங்காது. அதனால் சிறு சிறு குடும்பக் குழுக்களாகப் பிரிந்து ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தார்கள். நல்ல மழை பெய்த காலத்தில் பல குழுக்கள் ஒன்றுகூடிச் சடங்கு நடத்தும், பெண் கொடுக்கும், பெண் எடுக்கும். வறட்சி வந்தால் திரும்பப் பிரிந்துவிடும். இதை 'அலைந்து திரிதல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எந்தக் குழியில் எப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கும், அங்கே போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரிந்து நடந்த நடை அது.

இந்த அறிவு முழுவதையும் கட்டிவைத்திருப்பது 'ஜுக்குர்பா'. ஆதிமூதாதையர்கள் இந்த நிலத்தின் மேல் பயணம் செய்து மலையையும் சுனையையும் உயிர்களையும் சட்டத்தையும் உண்டாக்கினார்கள், அந்தச் சக்தி இன்னும் நிலத்தில் இருக்கிறது என்கிற நம்பிக்கையும் நெறியும் சேர்ந்ததுதான் ஜுக்குர்பா. ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கான கதை, பாட்டு, சடங்கு உண்டு. அவற்றைக் காக்கும் பொறுப்பு குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் புராணம் மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் பட்டாவும் இருக்கிறது, நீர்நிலை வரைபடமும் இருக்கிறது, உறவுமுறைச் சட்டமும் இருக்கிறது.

பப்புன்யா அமைந்திருக்கும் இடத்தின் கதை தேன் எறும்பினுடையது. முல்கா என்ற, வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரத்தடியில் இந்த எறும்புகள் வாழ்கின்றன. பெண்கள் மரத்தடியில் மேல்மண்ணைத் துடைத்துவிட்டுச் சின்னத் துளைகளைத் தேடுவார்கள். துளை தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டே ஆள் உள்ளே இறங்கும் அளவுக்குத் தோண்டிக்கொண்டு போவார்கள். ஆழத்தில் சின்ன அறைகள் வரும். அவற்றின் கூரையைப் பிடித்தபடி, வயிறு திராட்சை அளவுக்கு ஊதிப்போய், அசையக்கூட முடியாத எறும்புகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவை கூட்டத்தின் உயிருள்ள சேமிப்புக் கிடங்கு. மற்ற எறும்புகள் கொண்டுவரும் தேனை வயிற்றில் தேக்கிவைத்து, வறண்ட காலத்தில் திருப்பித் தரும். தலையை விரலால் பிடித்துக்கொண்டு அந்தத் தேன் பையை மட்டும் வாயில் வைத்துக் கடித்தால் போதும். சர்க்கரை என்ற ஒன்றே வராத காலத்தில் பாலைவனத்தில் கிடைத்த பெரிய இனிப்பு இது. தேன் எறும்பு மூதாதையரின் பயணத் தடங்கள் இந்த இடத்தில் கூடுவதாகச் சொல்கிறார்கள்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பாலைவன மக்களுக்குப் பெரிய ஊர் என்று ஒன்று இருந்ததில்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் சொந்த மண் இருந்தது. ஊர் வேறு, மண் வேறு என்ற இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் மீதிக் கதை புரியாது.

## ரேஷன் என்ற காந்தம்

1870களில் தந்தி லைன் வந்தது. அதன் பின்னால் ஆடுமாடுகள் வந்தன. 1877-இல் ஜெர்மன் லூத்தரன் பாதிரிகள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே ஃபிங்க் ஆற்றங்கரையில் ஹெர்மன்ஸ்பெர்க் மிஷனை நிறுவினார்கள்.

மாடுகளால் வந்த சிக்கல் எளிமையானது, ஆனால் கொடூரமானது. மாட்டுக்கும் தண்ணீர் வேண்டும். ஆயிரம் மாடு வந்து குடித்து மிதித்துக் கலக்கிய சுனையில் மனிதருக்கு ஒன்றும் மிஞ்சாது. கங்காரு அந்தப் பக்கம் வராது, கிழங்கும் புல்விதையும் அழிந்துபோகும். பசியில் மாட்டைக் கொன்று தின்றால் போலீஸ் துப்பாக்கியோடு வரும்.

1928-இல் இது வெடித்தது. நீண்ட வறட்சிக் காலம். கோனிஸ்டன் என்ற மாட்டுப் பண்ணைப் பக்கத்தில் டிங்கோ என்ற காட்டு நாய்களை வேட்டையாடிவந்த ஃபிரெட் புரூக்ஸ் என்ற வெள்ளைக்காரர் கொல்லப்பட்டார். அதற்குப் பதிலடி என்று கான்ஸ்டபிள் வில்லியம் ஜார்ஜ் மர்ரியின் தலைமையில் குதிரைப் படை கிளம்பி, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வார்ல்பிரி, அன்மட்ஜெரி, கைடிட்ஜ் மக்களைத் தேடித் தேடிச் சுட்டது. அரசுக் கணக்கில் 31 பேர் இறந்தார்கள். உண்மையில் இறந்தவர்கள் அதைவிட மிக அதிகம் என்று அந்த மக்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது, வரலாற்றாசிரியர்களும் அதை ஏற்கிறார்கள். விசாரணைக் குழு, சுட்டது நியாயமே என்று தீர்ப்புச் சொல்லி முடித்தது. உயிருக்குப் பயந்து ஓடிய குடும்பங்கள் நாலா திசையிலும் சிதறின.

சரி, ஓடியவர்கள் எங்கே போவார்கள்? இங்கேதான் ரேஷன் டிப்போ வருகிறது. அரசோ மிஷனோ மாவு, சர்க்கரை, தேயிலை, கம்பளி ஆகியவற்றை இலவசமாகக் கொடுக்கும் சிறு கிடங்குக்கு அந்தப் பெயர். பார்க்க நல்ல காரியம்தான், பஞ்சத்தில் பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். மாவு ஓர் இடத்தில்தான் கிடைக்கும். அடுத்த வாரமும் வேண்டுமானால் அங்கேயே இருக்க வேண்டும். அங்கேயே பலர் தங்கினால் சுற்றுவட்டாரத்தில் வேட்டையும் விறகும் தீர்ந்துவிடும். அப்புறம் மாவை விட்டால் வேறு வழியே கிடையாது. பிள்ளைகள் டிப்போவின் நிழலில் வளர்வார்கள், தூரத்துச் சுனைகளுக்கான வழி அவர்களுக்குக் கைவராது. அடித்துத் துரத்தாமலேயே ஒரு மக்கள் கூட்டத்தை நிலத்திலிருந்து நகர்த்த முடிந்தது இப்படித்தான்.

1940களின் தொடக்கத்தில் ஹாஸ்ட்ஸ் பிளஃப் என்ற மலையடிவாரத்தில் அப்படி ஒரு டிப்போ வந்தது. மேற்கிலிருந்து பின்டுபி குடும்பங்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்துசேர்ந்தன. தேயிலையும் சர்க்கரையும் பார்க்கும் ஆர்வத்தில் வந்தவர்கள் உண்டு, முன்பே வந்த உறவினரைத் தேடி வந்தவர்கள் உண்டு. எல்லாரும் திரும்பிப் போகலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்கள்.

## 1959: பப்புன்யா பிறக்கிறது

ஹாஸ்ட்ஸ் பிளஃபில் நல்ல தண்ணீர் போதவில்லை. வடக்கே பப்புன்யாவில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தது. 1950களின் பிற்பகுதியில் அங்கே கட்டட வேலை தொடங்கி, 1959-இல் 'குடியிருப்பு' என்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அரசு அதிகாரி ஒருவரின் நிர்வாகத்தில், பூர்வகுடிகளை ஓரிடத்தில் வைத்துப் பழக்குவதற்காகக் கட்டப்பட்ட ஊருக்கு அன்று அதுதான் பெயர்.

எதற்குப் பழக்குவது? அன்றைய கொள்கையின் பெயர் 'உட்கிரகிப்பு'. பூர்வகுடிகள் காலப்போக்கில் வெள்ளைக்கார ஆஸ்திரேலியர்களைப் போலவே வாழ்ந்து அவர்களோடு கலந்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். 1951-இலிருந்து 1963 வரை இதற்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர் பால் ஹஸ்லக். இதற்கான சட்டக் கருவி 'வார்டு' என்ற நிலை. வயதுவந்த ஒரு மனிதரைச் சிறுபிள்ளை மாதிரி அரசின் பாதுகாப்பில் வைப்பதுதான் அது. வார்டாக இருப்பவர் எங்கே வசிக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம், சம்பளப் பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்பதிலெல்லாம் அதிகாரி தலையிடலாம். மது அருந்தக் கூடாது, ஓட்டுப் போட முடியாது. 1957-இல், பப்புன்யா இருக்கும் வட பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) சுமார் 15,000 பூர்வகுடிகள் பெயர் பெயராகப் பட்டியலிடப்பட்டு வார்டுகள் ஆக்கப்பட்டார்கள். பட்டியலில் சேராமல் தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அப்படித் தப்பியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் நமட்ஜிரா. ஹெர்மன்ஸ்பெர்கில் பிறந்த அரண்டா மனிதர். நீர்வண்ணத்தில் பாலைவன மலைகளை வரைந்து நாடெங்கும் புகழ்பெற்றவர், 1954-இல் எலிசபெத் ராணியைச் சந்தித்தவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் முழுக் குடியுரிமை. அவருடைய சொந்தங்களோ வார்டுகள். தன்னிடம் இருப்பதைச் சொந்தங்களோடு பகிர்ந்துகொள்வது அவருடைய சமூகத்தில் கடமை. மதுவைப் பகிர்ந்தால் அரசுச் சட்டத்தில் குற்றம். 1958-இல் வழக்குப் போட்டார்கள், தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் குறைக்கப்பட்ட அந்தத் தண்டனையில் இரண்டு மாதத்தை 1959-இல் அவர் கழித்தது, அப்போதுதான் பிறந்திருந்த பப்புன்யாவில். வெளியே வந்த சில மாதங்களில், அதே வருடம் ஆகஸ்டில், இறந்துபோனார். ஒரு ஊரின் முதல் வருடத்து வரலாற்றில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

ஊருக்குள் வாழ்க்கை மணி அடித்து நடந்தது. குடும்பத்தோடு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்களைப் பொதுச் சமையல் கூடத்தில் வரிசையில் நிறுத்தினார்கள். 1960களில் மேற்குப் பாலைவனத்தில் மீதமிருந்த பின்டுபி குடும்பங்களும் லாரிகளில் வந்து இறங்கின. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊமெரா தளத்திலிருந்து பிரிட்டனின் ப்ளூ ஸ்ட்ரீக் ராக்கெட்டுகளைச் சோதிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அவற்றின் பாதை அந்தப் பாலைவனத்தின் மேலே போனது. கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ரோந்து அதிகாரிகள் போனார்கள். பார்த்தவர்களில் பலர் ஊருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1968-இலிருந்து மாட்டுப் பண்ணைகள் பூர்வகுடித் தொழிலாளர்களுக்கும் சமச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஆனபோது, பல பண்ணைகள் ஆட்களையே நிறுத்திவிட்டன. அந்தக் குடும்பங்களும் குடியிருப்புகளை நோக்கி வந்தன. நியாயமான ஒரு தீர்ப்பு கொண்டுவந்த இந்தப் பக்கவிளைவு முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்டதுதான்.

சுமார் 500 பேருக்கென்று திட்டமிட்ட ஊரில் 1970 வாக்கில் அதைப்போல் இரு மடங்கு ஆட்கள். கழிவுநீர் வசதி போதாது, தண்ணீர் போதாது. வெளியுலக நோய்களுக்குப் பழக்கப்படாத உடம்புகள். குணப்படுத்தக்கூடிய நோய்களில் பலர் செத்தார்கள், புதிதாக வந்த பின்டுபிகள் அதிகமாக. இதற்கு மேல் இன்னொரு மனக்கஷ்டமும் இருந்தது. மற்றவர் மண்ணில் காலம் முழுவதும் விருந்தாளியாக இருப்பது அவர்கள் நெறிப்படி கூச்சம் தரும் விஷயம். அங்கே அவர்களால் அதிகாரத்தோடு பேச முடியாது, சடங்கு நடத்த முடியாது. சண்டை சச்சரவு பெருகியதில் ஆச்சரியம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், மாடும் துப்பாக்கியும் வறட்சியும் பின்னாலிருந்து தள்ளின, மாவும் தண்ணீரும் முன்னாலிருந்து இழுத்தன. சட்டம் அவர்களை அங்கேயே நிறுத்தியது.

## பள்ளிச் சுவரில் ஓர் எறும்பு

1971-இல் ஜெஃப்ரி பார்டன் என்ற இளம் ஓவிய ஆசிரியர் பப்புன்யா பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் வகுப்பில் கௌபாய் படம் போடுவதையும், வெளியே மணலில் விரலால் வேறு விதமான கோலங்கள் வரைந்து கதை சொல்வதையும் கவனித்தார். வெறுமையாக இருந்த பள்ளிச் சுவரில் ஓவியம் வரையும் பேச்சு வந்தபோது, வேலையைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் ஊர்ப் பெரியவர்கள். காபா ஜம்பிஜின்பா என்பவர் முன்னால் நின்று வரைந்தார். தேன் எறும்புக் கதைக்கு உரியவர்களின் சம்மதம் வாங்கி, தேன் எறும்பையே வரைந்தார்கள். முதலில் போட்டது பாடப்புத்தகத்து எறும்பு போல இருந்தது. அதை அழித்துவிட்டுத் தங்கள் முறையில் திரும்ப வரைந்தார்கள்.

அந்த முறையை மேலிருந்து பார்க்கும் பார்வை என்று சொல்லலாம். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்டால் அது ஒரு நீர்நிலை அல்லது தங்குமிடம். வட்டங்களை இணைக்கும் கோடு, மூதாதையர் நடந்த வழி. லாடம் போன்ற வளைவு, உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். மண்ணில் உட்கார்ந்து எழுந்த பிறகு பதிந்திருக்கும் தடம் அது.

அதே 1971-இல் காபாவின் ஓவியம் ஒன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஓவியப் போட்டியில் பரிசைப் பகிர்ந்துகொண்டது. 1972-இல் ஓவியர்களே உரிமையாளர்களாகப் 'பப்புன்யா டுலா' நிறுவனம் உருவானது. இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் புள்ளி ஓவிய மரபு பெரிதாகக் கிளைவிட்டது இந்த ஊரிலிருந்துதான். ஆரம்பத்தில் சடங்கு ரகசியங்கள் ஓவியத்தில் தெரிந்துவிட்டதாக மற்ற பூர்வகுடிகள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அதன் பிறகு காட்டக் கூடாததை ஓவியர்கள் தவிர்த்தார்கள்.

இதைக் கலை வரலாறாக மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாக ஆகும். அவர்கள் எதை வரைந்தார்கள்? தங்கள் சுனைகளையும் பாறைகளையும் வழிகளையும். தன் மண்ணைப் பார்த்து இருபது வருடம் ஆன ஒருவர் அதன் ஒவ்வொரு நீர்நிலையையும் மரப்பலகையில் வரிசைப்படுத்துகிறார். அந்தக் கதையை வரைய அவருக்கு மட்டும்தான் உரிமை. 'இந்த இடம் என்னுடையது, எனக்கு இது தெரியும்' என்று அந்தப் பலகை சொல்கிறது. பள்ளிச் சுவரில் இருந்த தேன் எறும்பின் மேல் சில வருடங்களிலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பலகைகளும் கித்தான்களும் பிழைத்தன.

## திரும்பிப் போனார்கள்

1972 டிசம்பரில் காஃப் விட்லம் பிரதமரானார். உட்கிரகிப்பு என்ற பேச்சு போய் 'சுயநிர்ணயம்' என்ற பேச்சு வந்தது. பூர்வகுடிகளின் வாழ்க்கையை அவர்களே முடிவுசெய்ய வேண்டும் என்பதே அது. அடுத்த வருடமே பின்டுபிகள் பலர் பப்புன்யாவை விட்டு மேற்கே யாயாயி என்ற இடத்துக்கு நகர்ந்தார்கள். தூரம் அதிகமில்லை, நாற்பது கிலோமீட்டர் வாக்கில். ஆனால் திசையைப் பாருங்கள். பல பத்தாண்டுகளாக ஒரே பக்கம் ஓடிய ஓட்டம் முதல்முறையாகத் திரும்பியது.

இப்படிப் பெரிய குடியிருப்பை விட்டுச் சொந்த மண்ணில் அமைத்துக்கொள்ளும் சிறு குடியிருப்புக்கு 'அவுட்ஸ்டேஷன்' என்று பெயர். 1970களில் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் மத்தியிலும் பல இடங்களில் இது நடந்தது. வெறும் ஆசை இருந்தால் போதாது, மூன்று விஷயங்கள் கைகூட வேண்டும்: நிலத்தின் மேல் சட்ட உரிமை, குடிதண்ணீர், போய்வர வண்டி.

சட்ட உரிமை 1976-இல் வந்தது. வட பிரதேசத்துக்கான பூர்வகுடி நில உரிமைச் சட்டம், பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிவைத்திருந்த பழைய ரிசர்வ் நிலங்களை 'நில அறக்கட்டளை'களிடம் ஒப்படைத்தது. பாரம்பரிய உரிமையாளர்களின் சார்பில் நிலத்தை வைத்திருக்கும் அமைப்பு அது. யாரும் அந்த நிலத்தை விற்க முடியாது. ஹாஸ்ட்ஸ் பிளஃப் ரிசர்வும் அப்படிக் கைமாறியது. இன்று வட பிரதேசத்தில் ஏறக்குறைய பாதி நிலம் இந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. 1966-இல் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வெளிநடப்புச் செய்த குரிண்ட்ஜி தொழிலாளர்களின் நெடும் போராட்டம் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்காது.

தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு. வண்டிக்கு, ஓவியம் விற்ற பணமும் கைகொடுத்தது. 1981-இல் பின்டுபிகள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கின்டோரில் குடியேறினார்கள். சில வருடங்களில் இன்னும் மேற்கே, மேற்கு ஆஸ்திரேலிய எல்லைக்குள், கிவிர்குரா எழுந்தது. அந்த நேரத்தில்தான், 1984-இல், அதுவரை வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாமல் மக்காய் ஏரிப் பக்கம் வாழ்ந்துகொண்டிருந்த ஒன்பது பேர் கொண்ட ஒரு பின்டுபி குடும்பம் உறவினர்களைச் சந்தித்தது. பத்திரிகைகள் 'தொலைந்துபோன பழங்குடி' என்று எழுதின. அவர்கள் தொலையவே இல்லை, தங்கள் இடத்தில்தான் இருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன்பு லாரியில் ஏறிப்போனவர்கள் திரும்பி வந்ததால்தான் சந்திப்பே நடந்தது.

பின்டுபிகள் போன பிறகு பப்புன்யா சிறுத்தது, ஆனால் தங்கியவர்களுக்கு அது சொந்த ஊராகவும் ஆகிவிட்டிருந்தது. ஊரையொட்டிய குன்றின் பெயரை வைத்துக்கொண்ட வாரும்பி பேண்ட் இங்கே உருவானதுதான். 1983-இல் லுரிட்ஜா மொழியில் ராக் பாடல் வெளியிட்டவர்கள் அவர்கள்.

## மறுபடியும் மேலிருந்து

2007 ஜூனில் ஜான் ஹோவர்ட் அரசு 'அவசரகாலத் தலையீடு' ஒன்றை அறிவித்தது. பிள்ளைகள் மீதான பாலியல் வன்கொடுமை பற்றிய ஓர் அறிக்கை காரணமாகச் சொல்லப்பட்டது. அறிக்கை சொன்ன பிரச்சினை உண்மையானது. ஆனால் அந்த மக்களோடு கலந்து பேசி உண்மையான கூட்டுமுயற்சியாகச் செய்யுங்கள் என்று அறிக்கை கேட்டதை விட்டுவிட்டு, ராணுவத்தை அனுப்பினார்கள். இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை நிறுத்திவைத்து, 73 ஊர்களில் உதவித்தொகையில் பாதியை அரசு சொல்லும் கடைகளில் மட்டுமே செலவழிக்கலாம் என்று ஆக்கினார்கள். குடும்பத்தில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்க்காமல் ஊருக்கே போட்ட விதி. 1957-இன் வார்டு பட்டியலை நினைவு வைத்திருந்த பெரியவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அடுத்த வருடம் பப்புன்யாவின் சொந்த ஊர்மன்றமும் போய், பல ஊர்களைச் சேர்த்த மெக்டோனல் ஷைர் நிர்வாகத்தின் கீழ் ஊர் வந்தது.

## அப்படியானால், இது விருப்பத் தேர்வா?

சிறுநீரக நோயை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை தெளிவாகத் தெரியும். மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் இந்நோய் மிக அதிகம். நெரிசல் வீடுகளில் சிறுவயதிலேயே வரும் தொற்றுகள், மாவும் சர்க்கரையுமாகிப்போன உணவு, அதனால் வரும் நீரிழிவு என்று பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று பழைய ரேஷன் கிடங்கிலிருந்தே வருவது கவனிக்கத்தக்கது. சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது, வாரத்துக்கு மூன்று முறை வேண்டும். 1990களில் இயந்திரம் இருந்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மட்டும். கின்டோரில் இருந்த நோயாளி உயிர் வாழ வேண்டுமானால் 500 கிலோமீட்டர் தள்ளி நிரந்தரமாகக் குடிபெயர வேண்டும். மாவு இருந்த இடத்தில் இப்போது இயந்திரம், அதே இழுப்பு. ஊரை விட்டுப் போகிறவர்கள் மூத்தவர்கள், கதையும் சடங்கும் தெரிந்தவர்கள். சிலர் சிகிச்சையை விட்டுவிட்டு மண்ணிலேயே சாகிறேன் என்று திரும்பிப் போனார்கள்.

2000-இல் கின்டோர், கிவிர்குரா ஓவியர்கள் சேர்ந்து பெரிய பெரிய கித்தான்களை வரைந்து, சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. அந்தப் பணத்தில் அவர்களே நடத்தும் ஓர் அமைப்பு உருவானது, இன்று 'பர்ப்பிள் ஹவுஸ்' என்று அதை அழைக்கிறார்கள். 2004-இல் கின்டோரில் டயாலிசிஸ் தொடங்கியது. இவ்வளவு தூரத்தில் நடத்த முடியாது, செலவு கட்டாது என்று சொல்லப்பட்ட வேலை அது. பிறகு கிவிர்குராவிலும் பப்புன்யாவிலும் இன்னும் பல ஊர்களிலும் இயந்திரங்கள் வந்தன. இயந்திரம் நிரந்தரமாகப் பொருத்தாத ஊர்களுக்கு, நோயாளிகள் ஈமச் சடங்குக்கோ குடும்ப விசேஷத்துக்கோ போய்வர, டயாலிசிஸ் இயந்திரம் பொருத்திய லாரி ஒன்றும் ஓடுகிறது. 2018 நவம்பரில், மிகத் தொலைதூர இடங்களில் செவிலியர்களும் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர்களும் செய்யும் டயாலிசிஸுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு பணம் தரும் என்று ஆஸ்திரேலிய அரசு விதியை மாற்றியது. அரசு மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலில் இதற்கென்று தனியாக ஒரு எண்ணே இருக்கிறது.